முதிய பெண்களின் உறக்கத்தை எந்தச் சொல்லால் கேட்பது?

முதிய பெண்களின் உறக்கத்தையும் உடலியக்கத்தையும் ஆராயும் நாம், வினாநிரலை மொழிபெயர்த்தவுடன் மொழிப்பணி முடிந்தது எனக் கருதிவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

'உடற்பயிற்சி செய்வதுண்டா?' என்று கேட்டால், விடியலில் எழுந்து நீர் சுமந்து, துணி துவைத்து, பேரக்குழந்தையை இடுப்பில் சுமக்கும் பெண்மணி 'இல்லை' என்பார். இந்தியில் 'வியாயாம்' என்று கேட்டாலும் அதே விடைதான். அவருக்கு அது வேலை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுப்பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர்.

உறக்கத்திலும் இதே நிலைதான். 1989இல் வெளியான பிட்ஸ்பர்க் உறக்கத் தர அளவை, இரவில் உறங்கிய நேரத்தையே வினவுகிறது. நண்பகலில் 'சற்றுத் தலைசாய்த்தது' அந்த அளவையில் இடம்பெறாது. அவர் மொழியிலும் அது தூக்கம் அன்று. நோயுற்ற கணவருக்காக நள்ளிரவில் எழுவதோ 'பிற காரணங்கள்' என்னும் கட்டத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது.

வீட்டுவேலையே போதுமென்பது என் வாதமன்று. சமநிலை, தசைவலுப் பயிற்சிகள் முதுமையில் தேவையே. ஆனால் உழைத்துக் களைத்தவருக்கு நடைப்பயிற்சியையும், பராமரிப்பால் உறக்கம் இழந்தவருக்கு மாத்திரையையும் பரிந்துரைப்பது அறிவியலாகாது.

நேற்றைய நாளை விடியல் முதல் விடியல் வரை அவர் சொற்களிலேயே சொல்லச் செய்வோம். வகைப்படுத்துவது அதற்குப் பின்னரே அமையட்டும்.