பயண துஆவும் புதிய பிரேக் பேடும்

பெர்ஃபார்மன்ஸ் பிரேக் பேடு பொருத்திய அன்றே குடும்பத்துடன் நெடுஞ்சாலையில் விரைவது முறையன்று. விலை உயர்ந்தது என்பதால் அது உடனே முழுமையாகப் பிடித்துவிடாது. போக்குவரத்தற்ற சாலையில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை, முற்றிலும் நிறுத்தாமல், 10 வரை சீராகப் பலமுறை குறைக்க வேண்டும். இடையிடையே ஆறவிட வேண்டும். அப்போதுதான் பேடின் பொருள் டிஸ்க்கில் மெல்லிய படலமாகப் படிந்து பிடிப்பு சீராகும். சூட்டோடு மிதித்தபடி நின்றால் படலம் திட்டுத்திட்டாகி, பின்னர் அதிர்வு தோன்றும். தயாரிப்பாளரின் குறிப்பு வேறாயின் அதையே பின்பற்றுக.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பயண துஆ இக்கடமைக்கு மாற்றாகாது. மாதனூரில் காலணித் தொழிற்சாலை வேலை முடிந்து சாலையைக் கடக்கும் பெண்களின் உயிரும், நம் பிள்ளைகளின் உயிரைப் போன்றே, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.