குழலின் முறுக்கு

முறுக்கு என்றதும் நேயர்களுக்குத் தீபாவளிப் பட்சணம் நினைவுக்கு வந்தால் அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் இவ்வாரம் நாம் பேசப் புகுந்த முறுக்கு துப்பாக்கிக் குழலுக்குள் இருப்பது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை விலக்கிவிட்டபடியால், இதனை அமெரிக்க நாட்டு விஷயமாகவே பேசுகிறோம். ஆயினும், ஒரு பொருளை இன்றையத் தேவைக்கு மட்டும் அளவெடுத்துச் செய்தால் நாளை என்ன நேரும் என்பதற்கு இது நல்லதோர் உதாரணம்.

ரைபிள் என்னும் துப்பாக்கியின் குழலுக்குள் திருகாணியின் புரியைப் போலச் சுருண்டு செல்லும் வரிப்பள்ளங்கள் உண்டு. தோட்டா அவற்றைப் பற்றிக்கொண்டு சுழன்றவாறே வெளியேறுகிறது. வேகமாகச் சுழலும் வரையில் பம்பரம் நிமிர்ந்து நிற்கிறது. வேகம் தளர்ந்ததும் தலை தள்ளாடிச் சாய்கிறது. தோட்டாவின் கதியும் அதுவே. எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று என்பதே முறுக்கின் அளவு. 12 அங்குலத்துக்கு ஒன்று என்றால் மெதுவான முறுக்கு. 9 அங்குலத்துக்கு ஒன்று என்றால் கடுமையான முறுக்கு. 12 அங்குல முறுக்குள்ள குழலிலிருந்து விநாடிக்கு 3,200 அடி வேகத்தில் கிளம்பும் தோட்டா, விநாடிக்கு 3,200 முறை சுழல்கிறது!

கனம் குறைந்த தோட்டாவுக்கு மெதுவான முறுக்கே போதும் என்பது வேட்டைக்காரரிடையே வழங்கும் பழைய பேச்சு. அதை நம்பி ஒரு பெரிய கம்பெனி பட்ட பாட்டைக் கேளுங்கள். 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரெமிங்டன், வின்செஸ்டர் என்ற இரண்டு கம்பெனிகளும், ஏறக்குறைய கால் அங்குலக் குறுக்களவுள்ள தோட்டாவுக்கென்று ஆளுக்கொரு ரைபிளை வெளியிட்டன. வயலைக் குடைந்து கெடுக்கும் சிறு பிராணிகளையே ரெமிங்டன் பெரிதும் மனத்தில் கொண்டது. 75, 90 கிரெயின் எடையுள்ள இலேசான தோட்டாக்களையும் 12 அங்குல முறுக்கையும் கொடுத்தது. வின்செஸ்டரோ 10 அங்குல முறுக்கு வைத்து, 80 கிரெயினோடு 100 கிரெயின் தோட்டாவையும் விற்றது. வாங்குகிறவர்கள் யோசித்தார்கள். கோடையில் சிறு பிராணி, குளிர்காலத் தொடக்கத்தில் மான், இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி என்றால் எவருக்குத்தான் கசக்கும்? வின்செஸ்டர் விற்றது, ரெமிங்டன் தேங்கியது. பின்னர் ரெமிங்டன் முறுக்கை 9 அங்குலமாக மாற்றியது. 1963-இல் பெயரையும் மாற்றிப் பார்த்தது. முதலில் விழுந்த அபிப்பிராயம் அதன் பிறகும் முற்றிலும் நீங்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், முறுக்கைத் தீர்மானிப்பது தோட்டாவின் எடையைவிட அதன் நீளமே என்பது அதற்கு முன்பே தெரிந்த உண்மை. இங்கிலாந்தில் வுல்விச் நகரில் கணிதப் பேராசிரியராயிருந்த கிரீன்ஹில் என்பார் 1879-ஆம் ஆண்டிலேயே இதற்கு ஓர் எளிய வாய்பாடு வகுத்தார். குறுக்களவை அங்குலத்தில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, 150-ஆல் பெருக்கி, தோட்டாவின் நீளத்தால் வகுத்தால் வேண்டிய முறுக்கு கிடைக்கும். கால் அங்குலக் குறுக்களவும் முக்கால் அங்குல நீளமும் உள்ள தோட்டாவுக்கு 12½ அங்குலம் வருகிறது. நீளம் ஓர் அங்குலமானால் 9⅜ அங்குலம். இது தோராயக் கணக்கே. மிகுந்த வேகமுள்ள தோட்டாக்களுக்குச் சற்றுத் தாராளமாகவும் கொள்ளலாம். ஆனால் நீளம் கூடக்கூட முறுக்கும் கடுமையாக வேண்டும் என்னும் தத்துவம் மாறாது.

அப்படியானால் இலேசான தோட்டாவைத் தவிர வேறெதையும் சுடப்போவதில்லை என்பவருக்கு மெதுவான முறுக்கு போதாதோ? முன்பு போதும் என்றிருக்கலாம். இப்போது சட்டம் குறுக்கிட்டிருக்கிறது. கலிபோர்னியாவில் காண்டோர் என்னும் பெரிய கழுகினம் 1982-இல் இருபத்திரண்டாகக் குறைந்து போயிற்று. வேட்டையாடியவர் விட்டுச் சென்ற குடலையும் எச்சத்தையும் தின்று, அதிலிருந்த ஈயத்துணுக்குகளால் நஞ்சேறி மடிந்த கழுகுகள் பல. ஆகவே அந்த ராஜ்யத்தில் 2013-இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை முதல் தேதி தொடங்கி வேட்டைக்கு ஈயத் தோட்டாவையே அடியோடு விலக்கினார்கள். ஈயம் போய்த் தாமிரம் வந்தது. ஈயத்தின் அடர்த்தி 11.3, தாமிரத்தின் அடர்த்தி 8.9. அதே எடைக்குத் தாமிரத் தோட்டா நீண்டுவிடுகிறது. எடையில் இலேசு, நீளத்திலோ பழைய கனத்த தோட்டாவுக்குச் சமம்! மெதுவான முறுக்குள்ள குழலில் அது தள்ளாடினால் யாருக்கு நஷ்டம்? குறி பிசகி அடிபட்ட மான் புதருக்குள் ஓடி, எவர் கண்ணிலும் படாமல் மெல்ல மெல்லச் சாகும்.

காற்றையும் மறக்கலாகாது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது; அதில் தோட்டா எளிதில் நிலை தடுமாறும். அமெரிக்கப் படையினருக்கென்று செய்த ரைபிளில், 55 கிரெயின் தோட்டாவுக்கு முதலில் 14 அங்குல முறுக்கு இருந்தது. கடுங்குளிரில் குறி சிதறக் கண்டு, 1963-இல் அதை 12 அங்குலமாக்கினார்கள். இதமான நாளில் போதிய முறுக்கு, பனி பெய்யும் நாளில் போதாமற் போயிற்று.

மறு பக்கத்தையும் சொல்லிவிடுவது நியாயம். மெல்லிய உறையிட்ட சிறு தோட்டாவைக் கடுமையான முறுக்கில் அதிவேகமாகச் சுட்டால், சுழற்சியின் வேகம் தாளாமல் அது நடுவானிலேயே சிதறிப்போவதும் உண்டு. சிறு பிராணிகளையே சுடுபவர், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேக எல்லையைப் படித்து வாங்குவது நலம்.

ஆகவே நம் முடிபு இதுதான். குழலைத் தேர்ந்தெடுப்பவர், தாம் என்றேனும் சுடக்கூடிய தோட்டாக்களில் மிக நீண்டதை எடுத்து, குளிர் மிக்க நாளையும் எண்ணி, அதற்கேற்ற முறுக்கைக் கேட்டு வாங்கவேண்டும். தோட்டாவைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம். குழலில் ஒருமுறை வெட்டிய புரியை மாற்ற வழியில்லை.