குளிர்பானக் கம்பெனியின் தண்ணீர்க் கணக்கும் நம் வீட்டுப் பெண்ணும்

குளிர்பானக் கம்பெனிகளில் அண்மைக் காலத்தில் ஒரு புதிய உத்தியோகம் ஏற்பட்டுள்ளது. வளப் பாதுகாப்புக்கான தலைமை அதிகாரி என்று அதைத் தமிழில் சொல்லலாம். தொழிற்சாலையில் செலவாகும் தண்ணீர், மின்சாரம், பிளாஸ்டிக், வெளியேறும் கழிவு ஆகியவற்றைக் கணக்கெடுத்து, ஆண்டுக்காண்டு குறைத்துக் காட்டுவது இவரது பொறுப்பு. பங்குச் சந்தையிலுள்ள முதல் 1000 கம்பெனிகள் இத்தகைய கணக்கை வெளியிட வேண்டும் என்று 2022-23 முதல் செபி கட்டாயமாக்கியபின் இப்பதவிக்கு மதிப்பு கூடியிருக்கிறது. பொறியியல் படித்த பெண்களும் இதற்கு வருகிறார்கள். பட்டணத்து விஷயம், நமக்கென்ன என்று விவசாயிகள் இதை ஒதுக்கிவிடக் கூடாது. அந்த நாற்காலியில் இருப்பவர் எழுதும் கணக்கில் நம் கிணற்று நீரும் அடக்கம்.

ஒரு பெண் பொறியாளர் இப்பதவிக்கு எப்படி வருகிறார்? பெரும்பாலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவிலோ, தண்ணீர் சுத்தம் செய்யும் பிரிவிலோதான் தொடக்கம். பாட்டில் கழுவ எவ்வளவு போகிறது, ஒரு பானத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது குழாய்களையும் தொட்டிகளையும் அலச எவ்வளவு போகிறது, வடிகட்டியில் ஒதுக்கப்படும் உப்பு நீர் எங்கே போகிறது என்பதெல்லாம் அங்கே நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். பிறகு ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் பொறுப்பு, அதன்பின் பல தொழிற்சாலைகளின் தண்ணீர்த் தணிக்கை, கடைசியில் தலைமை அலுவலகம். மீட்டரைப் படித்துப் பழகாமல் நேரே அறிக்கை எழுத வந்தவரைக் காட்டிலும் இந்த வழியில் வந்தவரையே நான் நம்புவேன்.

சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940களின் தொடக்கத்தில் லலிதா, லீலாம்மா ஜார்ஜ், தெரேசியா என்ற மூன்று பெண்கள் படித்து வெளிவந்தார்கள். அவர்களில் தெரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். ஆகவே பெண்ணுக்கு இந்தத் தொழில் ஆகுமா என்ற பேச்சு எப்போதோ தீர்ந்துபோனது.

பதவிக்கு வந்தவர் எந்தக் கணக்கைப் போடுகிறார் என்பதுதான் இப்போது கேட்க வேண்டியது. கோகோ கோலா கம்பெனி 2004இல் 1 லிட்டர் பானத்துக்கு 2.7 லிட்டர் தண்ணீர் செலவிட்டது. 2015இல் அது 2 லிட்டருக்குச் சற்றே கீழே இறங்கியதாக அறிவித்தது. பொறியாளர்களின் திறமைக்கு இது சான்றுதான். ஆனால் தினம் 1 லட்சம் லிட்டர் பானம் செய்த ஒரு தொழிற்சாலை 2.7 மடங்கு எடுத்தால் 2.7 லட்சம் லிட்டர். அதுவே சிக்கனமாகி 2 மடங்கு எடுத்து, 1.5 லட்சம் லிட்டர் பானம் செய்தால் 3 லட்சம் லிட்டர். அறிக்கையில் சிக்கனம், பக்கத்துக் கிணற்றில் நட்டம்!

இன்னொன்று. ஐரோப்பாவில் அரை லிட்டர் கோலா பாட்டில் ஒன்றுக்கு மொத்தம் 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று அதே கம்பெனியும் ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் 2010இல் கணக்கிட்டன. அதில் பெரும்பகுதி சர்க்கரைக்கான பீட்ரூட் பயிருக்கு. நம் நாட்டில் சர்க்கரை கரும்பிலிருந்து வருகிறது. கரும்போ ஏறக்குறைய 2000 மில்லிமீட்டர் தண்ணீர் கேட்கும் பயிர். எனவே அந்த அதிகாரியின் வேலை தொழிற்சாலை மதில் சுவரோடு முடிவதில்லை. சொட்டு நீருக்கும் ஒரு பரு கரணை நாற்று நடவுக்கும் கரும்பு விவசாயி செய்யும் செலவில் கம்பெனி பங்கு ஏற்க வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடாவில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 2000இல் தொழிற்சாலை வந்தது. கிணற்று நீர் கெட்டதை முதலில் கண்டவர்கள் குடம் தூக்கிய ஆதிவாசிப் பெண்கள். 2002இல் மயிலம்மா முதலானோர் போராட்டத்தில் இறங்கினர். 2004இல் உற்பத்தி நின்றது. அத்தொழிற்சாலையின் கழிவுச் சகதி விவசாயிகளுக்கு உரம் என்று கொடுக்கப்பட்டது. 2003இல் பரிசோதித்தபோது அதில் காட்மியமும் காரீயமும் இருந்தன. காட்மியம் மண்ணில் சேர்ந்தால் எளிதில் நீங்காது. கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010இல் நட்டத்தை 216 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது. சகதியை லாரியில் ஏற்றுமுன் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, கூடாது என்று கையெழுத்துப் போட அதிகாரமுள்ள ஒரு பொறியாளர் அங்கே வேண்டியிருந்தார்.

பெப்சி கம்பெனியின் இந்தியப் பிரிவு, தான் எடுப்பதைவிட அதிகமான தண்ணீரை மிச்சப்படுத்தித் தருவதாக 2009 வாக்கில் அறிவித்தது. அப்போது உலகளவில் அதன் தலைவராக இருந்தவர் சென்னையில் பிறந்த இந்திரா நூயி. அவர் பொறியாளர் அல்லர். கல்லூரியில் அறிவியலும் பிறகு நிர்வாகமும் படித்தவர். அந்தக் கணக்கில் பஞ்சாப் முதலிய இடங்களில் நேரடி நெல் விதைப்பினால் மிச்சமான நீரும் சேர்ந்திருந்தது. நேரடி விதைப்பு நல்ல முறை, நாங்களும் சிபாரிசு செய்வதே. எனினும் ஓர் ஊர் வயலில் மிச்சமான தண்ணீர் வேறோர் ஊர்க் கிணற்றில் ஊறாது. எந்த நிலத்தடியிலிருந்து எடுத்தார்களோ அங்கேயே திருப்பிக் கொடுத்ததைத்தான் வரவில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதைத் தட்டிக் கேட்க, கிணறு வற்றுவது இன்னதென்று வீட்டிலேயே கண்ட பெண்கள் அப்பதவிகளுக்குப் போக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்த பெண் வேளாண்மைப் பொறியியல் பட்டத்துக்குக் கோயம்புத்தூரிலோ குமுளூரிலோ விண்ணப்பிக்கலாம். மண், நீர்ப் பாதுகாப்புப் பொறியியல் அதில் முக்கியப் பாடம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் தொழிற்கல்வியில் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு.

தொழிற்சாலைக்கு அருகிலுள்ள விவசாயிகள் அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டி, மாதம் ஒரு நாள் காலையில் மோட்டார் போடுமுன் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து நோட்டில் தேதியோடு குறியுங்கள். அக்கம்பக்கத்தில் 10 கிணறுகளுக்காவது இப்படிச் செய்து, கிராம சபையில் பதிவு செய்து, ஒரு நகலைக் கம்பெனி அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அளக்கும் வேலையைப் பள்ளிக்குப் போகும் மகளிடமே கொடுங்கள்.