"எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள்!

"என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்!" என்று கைபேசியை நீட்டினேன். என்னவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பார்த்தார். ஐம்பது விநாடிப் படம். தயாரிப்பு, வசனம், நடிப்பு எல்லாம் நானே. படம் பிடித்தது மருமகள். எதற்கு விளம்பரம் என்கிறீர்களா? வருஷக்கணக்காக அக்கம்பக்கத்தாருக்கு அரைத்துத் தருகிறேனே, அந்தச் சத்துமாவுக்குத்தான்!

"பிரமாதம்!" என்றார் அவர். நாத்தனாரோ, "அண்ணி, அந்த மாம்பழக் கலர் புடவை உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்றாள். சம்பந்தியம்மாள், "பேரன்தான் கதாநாயகன்!" என்று பூரித்துப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேரனுக்கு அப்போது ஏழு மாதம். அவனை மடியில் வைத்துக் கிண்ணத்திலிருந்து கூழ் ஊட்டியபடி, "பச்சைக் குழந்தை முதல் பாட்டி வரை" என்று நான் சொல்வதுதான் படத்தின் உச்சக்கட்டம்.

மறுநாள் எதிர்வீட்டுப் பெண்ணிடம் காட்டினேன். கைக்குழந்தைக்காரி. பார்த்து முடித்ததும், "அம்மா, எனக்கு ஒரு கிலோ குடுங்க. பாப்பாவுக்கு நாலு மாசம் ஆகப்போகுது. பால் பத்தலையோன்னு கவலையா இருந்துச்சு, இதைக் காய்ச்சிக் குடுத்துடறேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நாலு மாதக் குழந்தைக்குக் கொடு என்று நான் எங்கே சொன்னேன்? வாயால் சொல்லவில்லைதான், படம் சொல்லிவிட்டதே! "அவசரப்படாதே, கண்ணு. முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான். பால் பத்தலைன்னு தோணினா டாக்டரம்மாவைப் போய்ப் பாரு" என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவளுக்கு இதை யார் சொல்வார்கள்?

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் நாத்தனார் மகளுக்குப் போன் போட்டேன். பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "அத்தை, தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கறதுன்னு சொல்லி, ரெண்டு வயசு வரைக்குமான குழந்தை உணவை விளம்பரமே பண்ணக்கூடாது. 1992-லேயே சட்டம் வந்தாச்சு, 2003-ல் இன்னும் இறுக்கிட்டாங்க. ஆறு மாசம் முடிஞ்ச குழந்தைக்கு வீட்ல கூழ் காய்ச்சிக் கொடுக்கறது வேற. அதையே படம் காட்டி விக்கறது வேற!"

"நான் என்ன பெரிய கம்பெனியாடி?" என்றேன்.

"விளம்பரத்தைப் பார்த்ததும் 'என் பால் போதலையோ'ன்னு ஒரு தாய்க்குச் சந்தேகம் வருதே. அது பெரிய கம்பெனி எடுத்த படமா, நீங்க எடுத்ததான்னா பார்க்கும்?"

பதில் சொல்ல முடியவில்லை. பேரன் வந்த காட்சியை அன்றைக்கே எடுத்துவிட்டோம். மனசு கேட்கவில்லைதான், என்ன செய்வது!

இரண்டாவது படத்தை என் தம்பி பஸ்ஸில் போகும்போது சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தானாம். "அக்கா, நீ வாயை வாயை அசைக்கிறே, என்ன விக்கிறேன்னே தெரியலை" என்றான். அதனால் மூன்றாவது முறை, சொல்வதையெல்லாம் எழுத்திலும் போட்டோம்: பெரியவர்களின் காலைக் கஞ்சிக்கான மாவு, அரைக் கிலோ இன்ன விலை, முந்திரி, நிலக்கடலை சேர்ந்தது, ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்கவும், கைக்குழந்தைகளுக்கு அல்ல. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து வாங்கிய 14 இலக்க எண்ணும் பாக்கெட்டில் தெளிவாகத் தெரிகிறது.

சகோதரிகளே, இட்லிப் பொடியோ, ஊறுகாயோ, தையலோ, நீங்களும் இப்படிப் படம் எடுத்தால் ஒன்று செய்யுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் நம்மேல் பிரியம் உள்ளவர்கள் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். பிரியம் வேறு, அபிப்பிராயம் வேறு. அதிகம் பழகாத நாலைந்து பேரிடம் ஒரே ஒரு தடவை காட்டுங்கள். நடுவில் விளக்கம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருங்கள். (எனக்கு இதுதான் மகா கஷ்டமாக இருந்தது!) பிறகு, "நான் என்ன விற்கிறேன்? யாருக்கு? என்ன விலை?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில்தான் உங்கள் விளம்பரம். நீங்கள் மனசில் நினைத்தது அல்ல.

மூன்றாவது படத்தைப் பார்த்து இதுவரை பதினொரு பேர் மாவு வாங்கியிருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பெண்ணும் ஒரு பாக்கெட் வாங்கிப் போனாள், அவள் மாமியாருக்காக! அவள் பாப்பா தாய்ப்பால் குடித்தே கொழுகொழுவென்று இருக்கிறாள்.