கூடையின் நிறையும் பேராசிரியர் லூயிசும்

தோட்டப் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு வரும் பிரமுகர்களிடம் ஒரே பேச்சுத்தான் இருக்கிறது. வறுமையில் பிறந்த ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் படித்துப் பெரிய ஆளாகிவிட்டார், நீங்களும் ஆகலாம் என்பார்கள். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கு அன்றைக்கு என்ன நாட்சம்பளம் என்ற பேச்சே வராது. இந்தப் பேச்சுக்குப் பொருத்தமான ஆள் ஒருவரை நானே தருகிறேன். ஒரே நிபந்தனை, கதையை முழுதாகச் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் ஆர்தர் லூயிஸ். 1915இல் கரீபியன் தீவான சென்ட் லூசியாவில் பிறந்தவர். ஏழு வயதில் தகப்பன் இறந்துபோக, ஐந்து ஆண்பிள்ளைகளையும் தாய் தனியாக வளர்த்தார். லூயிஸ் 14 வயதிலேயே பாடசாலைப் படிப்பை முடித்துவிட்டார். புலமைப்பரிசில் பரீட்சைக்கு வயது காணாததால் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் வேலை பார்த்தார். பொறியியலாளராக வேண்டும் என்பதுதான் ஆசை. ஆனால் காலனி அரசாங்கமோ கரும்புத் தோட்டமோ கறுப்பு இளைஞனை அந்த வேலைக்கு எடுக்காது. அதனால் பொருளியல் பக்கம் போனார். படித்தால் கதவு திறக்கும் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். படிக்கப் போகும் முன்பே ஒரு கதவைத் தோட்டம் பூட்டி வைத்திருந்தது.

1933இல் லண்டனுக்குப் போனார். 1948இல், 33 வயதில், மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். பிரித்தானியாவில் பேராசிரியர் பதவி பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். 1979இல் நோபல் பரிசு.

பிரமுகர் இந்த இடத்தில் பேச்சை முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். நமக்கு வேண்டிய கதை இனித்தான் இருக்கிறது.

1930களில் கரீபியன் தீவுகள் கொதித்தன. 1935இல் சென்ட் கிட்ஸ் கரும்புத் தொழிலாளர், 1937இல் டிரினிடாட் எண்ணெய்த் தொழிலாளர், பார்படோஸ் மக்கள், 1938இல் ஜமேக்காவின் புரோம் சீனித் தொழிற்சாலைத் தொழிலாளர் என்று வேலைநிறுத்தம் தீவுக்குத் தீவு பரவியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் செத்தார்கள். ஆட்சியாளர் இதைக் கலகம் என்றார்கள். லூயிஸ் 1939இல், 24 வயதில், இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் இது ஒரு தொழிலாளர் இயக்கத்தின் பிறப்பு என்றார். அடிமைகளிடம் 200 வருடமாகக் கூலியில்லாமல் வாங்கிய உழைப்புக்கு பிரித்தானியா கடன்பட்டிருக்கிறது என்பதையும் அதிலேயே சொல்லிவிட்டார். உத்தியோகம் தேடும் வயதில், அந்த நாட்டின் தலைநகரில் இருந்துகொண்டு இதை எழுத நெஞ்சுரம் வேண்டும்.

நம் கம்பனிக்காரர்கள் வாசிக்க வேண்டியது அவர் 1954இல் எழுதிய கட்டுரை. கரும்பு ஒரு ஏக்கரில் தரும் விளைச்சல் 75 வருடத்தில் மூன்று மடங்காகிவிட்டது. ஆனாலும் கரும்பு வெட்டுகிறவர் இன்னும் வெறுங்காலோடு குடிசையில் இருக்கிறார், கோதுமை விளைவிப்பவர் நன்றாக வாழ்கிறார், ஏன் என்று கேட்டார். விளைச்சல் கூடியதன் பலன் சீனி வாங்கும் நாடுகளுக்குப் போனது. வெட்டியவரின் கூலியோ, அவர் தோட்டத்தை விட்டுப் போனால் தன் சிறு நிலத்தில் என்ன சம்பாதிப்பார் என்பதையே ஒட்டி நின்றது. வெளியே ஒன்றுமில்லை என்றால் உள்ளே கிடைப்பதும் சொற்பம்தான்.

அதனால்தான் குடியானவர் முன்னேறுவதைத் தோட்ட முதலாளி விரும்ப மாட்டார் என்றும் எழுதினார். புது விதையும் புது முறையும் அவர்களுக்குப் போவதில் முதலாளிக்கு அக்கறை இல்லை. காணி பகிர்ந்தளிப்பையும் ஆதரிக்க மாட்டார். ஆபிரிக்காவில் காணியைப் பறித்தே கூலியாட்களை உண்டாக்கினார்கள் என்பதையும் மறைக்கவில்லை. 1838 முதல் 1917 வரை கயானாவுக்கும் டிரினிடாட்டுக்கும் கப்பலேற்றப்பட்ட இந்தியர்களின் நிலைமையும் இதுதான். அவர்களில் சென்னையில் ஏறிய தமிழரும் இருந்தார்கள். அதே பஞ்சங்கள்தான் நம் முப்பாட்டனையும் மன்னாருக்கு நடத்திக் கொண்டுவந்தன.

லூயிஸ் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. வெளிநாட்டு முதலை வருந்தி அழைத்துத் தீவுகளில் தொழிற்சாலை கட்டச் சொன்னார். அவருடைய பெயரைச் சொல்லி மலிவுக் கூலியை நியாயப்படுத்திய அரசாங்கங்களும் உண்டு. ஆனால் மன்செஸ்டரில் பேராசிரியராக இருந்த காலத்தில், அங்கே குடியேறிய கரீபியன் தொழிலாளருக்கு மாலை வகுப்புகள் நடக்க முன்னின்று உழைத்தவரும் இவர்தான். தப்பி வந்தவன் என்று தன்னை நினைத்திருந்தால் அந்த வேலை அவருக்கு எதற்கு?

கம்பனிகள் நம்மிடம் என்ன சொல்கின்றன? கொழுந்து கூடக் கிள்ளுங்கள், சம்பளம் கூடும் என்கின்றன. 2021இல் 1,000 ரூபா வர்த்தமானியில் வந்தபோது நீதிமன்றத்துக்குப் போனவர்களும் இவர்கள்தான். கூடையின் நிறை ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர். ஒரு கிலோ கூடினால் அடுத்த மாதம் அதுவே கட்டாய நிறை. கூடை நிறைந்தால் சம்பளம் நிறையும் என்பதை, கரும்பைக் காட்டி 1954இலேயே ஒரு பேராசிரியர் மறுத்துவிட்டார்.

காணிக் கோரிக்கையைச் சம்பளக் கோரிக்கையிலிருந்து பிரித்து, அது அரசியல்வாதிகள் பார்த்துக்கொள்ளும் விடயம் என்று சொல்பவர்கள் நம் சங்கங்களிலும் இருக்கிறார்கள். லயத்தைத் தவிர நிற்க இடமில்லாத தொழிலாளி பேச்சுவார்த்தை மேசையில் எதை வைத்துப் பேரம் பேசுவார்? அடுத்த முறை கம்பனி கிலோக் கணக்கை எடுக்கும்போது நம் பிரதிநிதிகள் ஏக்கர் கணக்கை எடுக்கட்டும். இந்தத் தோட்டத்தில் தேயிலை பிடுங்கிக் காடாகக் கிடக்கும் காணி எத்தனை ஏக்கர்? அதில் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு? பதிலை எழுத்தில் கேளுங்கள்.