ஊர் வளர்ந்தது, பஜார்?

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் வந்து போகும் வெளியூர் வியாபாரிகள் ஆண்டுதோறும் சொல்வது ஒன்றுதான்: "ஊர் ரொம்ப மாறிப் போச்சு." சென்னையிலும் கோவையிலும் கடை வைத்திருப்பவர்கள் இதைப் பெருமையோடு சொல்கிறார்கள். மெயின் பஜாரில் கல்லாவில் இருப்பவர்களோ பெருமூச்சோடு சொல்கிறார்கள். இரண்டுமே நியாயம்தான்.

1985ல் தனி மாவட்டத்தின் தலைநகரானது முதல் ஊரின் முகம் மாறியது. மதுரைச் சாலை நான்கு வழியாயிற்று. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் மதுரைக்கு வண்டி பிடித்து ஓடியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இதையெல்லாம் குறை சொல்பவர்களோடு நாம் சேர மாட்டோம்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இந்த ஊரில் பெரிதாக ஒன்றும் விளையவில்லை. ஆனாலும் வத்தல், மல்லி, உளுந்து, எண்ணெய்க்கெல்லாம் விருதுநகர் விலை என்று பத்திரிகைகள் போட்டன. அந்த வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த மகமையும், வீடுதோறும் எடுத்த பிடி அரிசியும்தான் 1889ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையைத் தாங்கின. 1947ல் கல்லூரியும் வந்தது. அன்று பஜார் ஊரை வளர்த்தது. இன்று பஜாரைக் கேட்காமலே ஊர் வளர்கிறது.

கம்பெனிகள் ஏஜென்ட் மூலம் சில்லரைக் கடை வாசலிலேயே சரக்கை இறக்குகின்றன. மண்டிக்கு வேலை குறைந்துவிட்டது. இதை நம்மால் தடுக்க முடியாது, அழுது பயனில்லை. நம் கையில் இருப்பதையாவது செய்கிறோமா? பட்டப்பகலில் லாரியை நிறுத்தி மூட்டை இறக்கும் தெருவுக்குள் எந்தக் குடும்பம் மாதச் சாமான் வாங்க வரும்? சுமை தூக்கும் தொழிலாளர்களிடம் கலந்து பேசி, நியாயமான கூலி கொடுத்து, காலை எட்டு மணிக்குள் சரக்கை இறக்கி முடிக்க வேண்டும். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் வேண்டும்.

மருத்துவக் கல்லூரி வந்தால் விடுதி வரும், மெஸ் வரும். அந்தச் சமையலறைகளுக்கு அரிசியும் பருப்பும் யார் போடுகிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்? செல்போனில் சிட்டை வந்தால் மாலைக்குள் வீட்டில் சரக்கு இறங்க வேண்டும். இது புதுச் சங்கதி அல்ல. கடைப் பையன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்த அதே வழக்கம்தான். நாம் விட்டதை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

வெளியூர் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கோயிலுக்கு எழுதுகிற நன்கொடையைக் குறைக்கச் சொல்லவில்லை. வண்டி நிறுத்தும் இடத்துக்காக ஒரு வருட மகமை கேட்கிறோம். வருகிற பங்குனிக்கு ஊர் வரும்போது, பஜாரில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர் கடையில் மாலை ஒரு மணி நேரம் உட்காருங்கள். எத்தனை பேர் படியேறுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகு ரசீதில் தொகையை எழுதினால் போதும்.