கறை நல்லது... எல்லாக் கறையும் அல்ல!

"கறை நல்லது" என்று சோப்புத்தூள் விளம்பரத்தில் சொன்னாலும் சொன்னார்கள், நம்ம ஃபிலிம் ஆட்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு விட்டார்கள். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாரு மச்சி, என்னா மஞ்சள்!" என்று சிலாகிக்கிறார்கள். மஞ்சள் கூடக்கூட படமும் நல்லா வந்திருக்கிறதாம். இந்தப் பதிவு அந்த மூடநம்பிக்கைக்கு எதிரானது. அடிக்க வருபவர்கள் தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டு அடிக்கவும் :-)

விஷயம் புரியாத வகுப்புத் தோழர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. லார்ஜ் ஃபார்மட் என்றால் சுருள் கிடையாது, தனித்தனித் தாள். 4x5 அங்குலம், 8x10 அங்குலம் என்று ஒரு தாளில் ஒரே படம். இதைக் கழுவ டி-76 போன்ற சாதாரண டெவலப்பரும் உண்டு, கறை விடும் டெவலப்பரும் உண்டு. பைரோகேலால், கேட்டகால் இரண்டும் இந்தக் கறைக்கட்சி. வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றும்போது டெவலப்பர் தானும் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அப்போது உண்டாகும் பொருள் பக்கத்திலிருக்கும் ஜெலட்டினை இறுக்கி, அங்கேயே நிறமாக ஒட்டிக்கொள்கிறது. டி-76இல் லிட்டருக்கு 100 கிராம் சல்ஃபைட் இருப்பதால் அது இந்தப் பொருளை ஒட்டவிடாமல் தின்றுவிடும். கறை டெவலப்பரில் சல்ஃபைட்டை வேண்டுமென்றே குறைத்திருப்பார்கள்.

இதில்தான் அழகே இருக்கிறது. வெள்ளி அதிகமாக இருக்கும் இடத்தில் கறை அதிகம், குறைவாக இருக்கும் இடத்தில் குறைவு. வெள்ளிப் படத்தின் மேல் இன்னொரு நிறப் படம்! பல்லேடியம், சயனோடைப் மாதிரி புற ஊதாக் கதிரில் அச்சிடும்போது இந்தக் கறை கான்ட்ராஸ்ட்டைக் கூட்டித் தரும். வேரியபிள் கான்ட்ராஸ்ட் தாளில் வெளுத்துப்போகக்கூடிய வெள்ளைப் பகுதிகளை மென்மையாக அடக்கும். இந்தக் கறைக்கு நானும் ரசிகன்தான். என் சண்டை இன்னொரு கறையோடு.

சரி, மேட்டருக்கு வருவோம். ப்ளஸ் டூ வேதியியல் ஞாபகம் இருக்கிறதா? "காரம் கலந்த பைரோகேலால் கரைசல் எந்த வாயுவை உறிஞ்சும்?" ஆக்சிஜன் என்று மனப்பாடமாக எழுதி மார்க் வாங்கினோமே! அதே காரம் கலந்த பைரோகேலால்தான் டெவலப்பர். சுழல் டிரம்மில் என்ன நடக்கிறது? படுக்கவைத்த உருளை. அடியில் கொஞ்சம் டெவலப்பர், மிச்சம் முழுக்கக் காற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஃபிலிம் திரவத்தில் முங்கி, மெல்லிய படலத்தைப் பூசிக்கொண்டு காற்றில் எழுகிறது. ஆக்சிஜனை உறிஞ்ச இதைவிடத் தோதான கருவியை நாமே உட்கார்ந்து யோசித்தாலும் செய்ய முடியாது.

விளைவு இரண்டு. டெவலப்பர் வேலை முடியும் முன்பே பாதி செத்துவிடுகிறது. அதனால் அடர்த்தி குறையும், பட்டை பட்டையாகக் கோடு விழும். அடுத்து, வெள்ளியோடு சம்பந்தமே இல்லாமல் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்த சரக்கு தாள் முழுக்க ஒரே மாதிரி மஞ்சள் பூசிவிடும். இதற்குப் பெயர் பொதுக்கறை. சுத்தத் தமிழில் சொன்னால் மூட்டம். படத்துக்கு இதனால் காலணா லாபமில்லை. அச்சிடும் நேரம் நீளும், அவ்வளவுதான். அந்த நண்பர்கள் ஜன்னலில் தூக்கிப் பிடித்துச் சிலாகிப்பது பெரும்பாலும் இதைத்தான்!

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பட்டுத் தெரியும். சித்தப்பாவின் பழைய 4x5 கேமராவில் அப்பத்தாவைத் திண்ணையில் உட்காரவைத்து நாலு தாள் எடுத்தேன். பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர். இணையத்தில் ஒரு அண்ணன், "பி.எம்.கே. பைரோவை டிரம்மில் போட்டு ஓட்டு, ஒண்ணும் ஆகாது" என்றார். ஓட்டினேன். சுவர் முழுக்கக் கோடு. அப்பத்தாவின் நெற்றியிலும் ஒன்று. தாளின் ஓரம், வெளிச்சமே படாத இடம், அதுவும் மஞ்சள். அவரிடம் காட்டினால், "சூப்பர் கறை தம்பி" என்கிறார். நாலு மாதத்தில் அப்பத்தா போய்விட்டார். வீட்டில் மாலை போட்டு மாட்டியிருப்பது ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியது.

அதனால்தான் கோபம். "ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவருக்கு ஒன்றும் ஆகாது. தாள் நம்முடையது.

அடுத்த கட்சி ஒன்று இருக்கிறது. "டிரம்மே பாவம். எட்வர்ட் வெஸ்டன் பைரோவில் கழுவினார், அவரிடம் சுழல் இயந்திரமா இருந்தது? ட்ரேயில் போடு" என்பவர்கள். இவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. பைரோகேலால் நச்சு, தோல் வழியாகவே உடம்பில் இறங்கும். இருட்டில் ஆறு தாளைக் கையால் புரட்டினால் கீறலும் விழும். டிரம்மில் தாளைப் போட்டு மூடிவிட்டால் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்யலாம், கையில் சொட்டுப் படாது. ஜோபோவின் 3010 டிரம்மில் 4x5 தாள் பத்து போகும். இத்தனை வசதியை ஏன் விடவேண்டும்?

டிரம்முக்குப் பொருந்தாத ஃபார்முலாவை டிரம்மில் போடுவதுதான் தப்பு. கார்டன் ஹட்சிங்ஸின் பி.எம்.கே. காற்றுக்குச் சீக்கிரம் பலியாகிற ரகம். சாண்டி கிங்கின் பைரோகேட்-எச்.டி.யில் பைரோகேலாலுக்குப் பதில் கேட்டகால். அது காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும். ரோலோ பைரோ சுழல் முறைக்கென்றே வந்தது. பி.எம்.கே.தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் டெவலப்பரைப் பாதி நேரத்தில் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். இயந்திரம் தாங்கும் அளவுக்கு நிறைய ஊற்றுங்கள், மெதுவாகச் சுற்றுங்கள். ஃபிக்ஸ் செய்தபிறகு பழைய டெவலப்பரிலேயே மறுபடி முக்கி மஞ்சளைக் கூட்டும் பழைய பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் ஏறுவது பெரும்பாலும் பொதுக்கறையே.

என் பேச்சையும் நம்பவேண்டாம். அடுத்தமுறை ஒரே காட்சியை இரண்டு தாளில் எடுங்கள். ஒன்றை டிரம்மிலும் ஒன்றை ட்ரேயிலும் கழுவுங்கள் (கையுறை போட்டுக்கொண்டு!). படத்தைப் பார்க்கும் முன் ஓரத்தைப் பாருங்கள். வெளிச்சம் படாத ஓரமும் நல்ல மஞ்சளாக இருந்தால் அது அழகல்ல, அழுக்கு.

இந்தச் சோதனையைச் செய்யாமல் யாருக்கும் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். அவர் கையில் இருக்கும் தாளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

பி.கு.: மிச்சமிருந்த மூன்று தாளை நல்லவேளை அன்று டிரம்மில் போடவில்லை என்று எழுத ஆசைதான். நாலையும் ஒன்றாகத்தான் போட்டேன்.